கொலுவுக்கு ஒரு குட்டிப் போர்வீரன்

உடம்பு முழுக்கக் கவசம், ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம். இப்படி ஒரு வீரனைக் கதைப் புத்தகத்தில் பார்த்துவிட்டால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? "எனக்கும் அதே மாதிரி வேணும்மா" என்று அடம் பிடித்தால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். வீட்டிலேயே செய்து, வருகிற நவராத்திரிக்குக் கொலுப்படியிலும் வைக்கலாம். எதை வைத்துச் செய்கிறோம் என்பதில் மட்டும் தாய்மார்களுக்குக் கவனம் வேண்டும்.

கையால் உருச் செய்வது நமக்குப் புதிதல்லவே! ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். உடம்புக்கு மரவள்ளி இலை, அலகுக்கு மாதுளம்பூ. ஐயனாருக்கு மண் குதிரை செய்யும் வேளார்களோ, விரிசல் விடாமலிருக்கக் களிமண்ணோடு மணலும் உமியும் கலப்பார்கள். முதலில் நாலு கால்களையும் தூண் மாதிரி எழுப்பி, அவை இறுகிய பிறகுதான் உடம்பை ஏற்றுவார்கள். நம் வீரனுக்கும் காலில்தான் ஆரம்பம்.

செய்முறை இதுதான். எழுதி முடித்த நோட்டுத் தாள்களைக் கிழித்து இரவு முழுக்க ஊற வையுங்கள். மறுநாள் இடித்துக் கூழாக்கிப் பிழிந்துகொள்ளுங்கள். சமையலுக்கு உதவும் மிக்ஸி, அம்மி வேண்டாம். நாலு பங்கு கூழுக்கு ஒரு பங்கு காய்ச்சிய மைதாப் பசை சேர்த்து, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள்.

வீரன் 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் தலை 3 சென்டிமீட்டர் இருக்கட்டும். நிஜ மனிதனின் உயரம் அவன் தலையைப் போல ஏழு, ஏழரை மடங்கு; பொம்மைக்கு ஐந்து மடங்குதான் அழகு. ஒரு மரத்துண்டில் இரண்டு ஆணி அடித்து, கட்டுக்கம்பியால் கால், உடம்பு, கைகளை முறுக்கி நிறுத்துங்கள். கம்பி வெட்டுவது அம்மாவின் வேலை. முனைகளை உள்பக்கமாக மடக்கிவிட வேண்டும்.

கூழை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் அப்பாதீர்கள். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

இனி கவசம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்கிறார்களே பாண்டேஜ் துணி, அதில் ஒரு துண்டை ஈரக் கூழின் மேல் அழுத்தி எடுங்கள். சங்கிலிக் கவசம் போலவே கண்ணி கண்ணியாகப் பதியும்! அதே துணியைப் பசையில் நனைத்துத் தோளில் தொங்கவிட்டால், காய்ந்ததும் விறைப்பான மேலங்கி. தகடுகளின் கோட்டுக்கு ஈர்க்கு, கேடயத்துக்குப் பாட்டில் மூடி. வாளின் முனையை மழுக்கிவிடுங்கள்.

கூழ் மிஞ்சினால் வீரனுக்குத் துணையாக ஒரு ராஜபாளையம் நாய் செய்யலாம். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் தபால்தலையில் இடம்பெற்ற நம்ம ஊர் நாயாச்சே!

இப்போது முக்கியமான விஷயம். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். அது விஷம், பிள்ளைகள் தொடும் பொருளில் கூடவே கூடாது. முழுக்கக் காய வைப்பதே போதும். குழாய்க் கசிவை அடைக்கும் எப்பாக்ஸி களிம்பால் அழகான உருவங்கள் செய்யலாம்தான். ஆனால் இறுகுமுன் வெறுங்கையால் பிசைந்தால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை வந்துவிடும். ஒரு தடவை வந்தால் பிறகு ஆயுசுக்கும் தொட முடியாது. அது பிள்ளைகளுக்கு வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசம், பரணில் கிடக்கும் பழைய பெயிண்ட் டப்பா. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய டப்பாவில் எவ்வளவு இருக்கும் என்று யார் கண்டது? ஈயம் வெளியே தெரியாமல் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டி காலத்துக் கொலு பொம்மையில் பெயிண்ட் உதிர்ந்தால் அதையும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

அப்படியானால் இரும்புப் பளபளப்புக்கு என்ன வழி? பென்சில்தான்! 'லெட்' பென்சில் என்று சொன்னாலும் அதில் இருப்பது ஈயமல்ல, கிராஃபைட். காய்ந்த கவசத்தின் மேல் பென்சிலைத் தேய்த்து, பஞ்சால் மெருகேற்றினால் நிஜ இரும்பு போல மின்னும். மேலங்கிக்குச் செம்மண் குழம்பு போதும்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் வீரன் மேல்படியிலேயே நிற்கட்டும். வாளும் கேடயமும் சின்னச் சின்னப் பொருள்கள். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பெரிய பிள்ளைகளானால் அவர்களையே செய்ய விடுங்கள். மூக்கு கொஞ்சம் கோணலாக வந்தால்தான் என்ன, அவர்கள் கையால் செய்த வீரனாச்சே!