ஜகாத் கணக்கிடும் கருவி: ஒரு விளக்கமும் ஒரு வேண்டுகோளும்

 

சென்ற ரமலானுக்கு முன் நமது டிரஸ்டின் இணையதளத்தில் ஜகாத் கணக்கிடும் பக்கம் ஒன்றைச் சேர்த்தோம். அல்ஹம்துலில்லாஹ், பலரும் அதைப் பயன்படுத்தினீர்கள். ஆனால் அதில் ஒரு பிழை இருந்ததை ரமலானின் கடைசிப் பத்தில்தான் அறிந்தோம். பிழை எங்களுடையது.

மஹல்லாவாசி ஒருவர், கையிலிருந்த ரொக்கத்தை 3,50,000 என்று பதிந்தார். "ஜகாத் கடமையில்லை" என்று பதில் வந்தது. சந்தேகப்பட்டு அலுவலகத்துக்கு வந்தார். அவர் கொடுக்க வேண்டியது ரூ. 8,750.

ஏன் இப்படி ஆனது? இந்தக் கருவிக்காக ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தனியாக நிரல் எழுதிச் சேர்த்திருந்தோம். பெட்டியில் நாம் பதிவதைக் கணினி முதலில் வெறும் எழுத்தாகவே வாங்குகிறது. பிறகுதான் எண்ணாக மாற்றுகிறது. நாங்கள் பயன்படுத்திய 'பார்ஸ்ஃப்ளோட்' என்ற கட்டளை, எண்ணோடு சேராத குறி வந்த இடத்தில் நின்றுவிடும். 3-க்குப் பின் கமா வந்ததால், மூன்றரை லட்சம் மூன்று ரூபாயாகிவிட்டது!

இப்போது கமாக்களை நீக்கிய பிறகே எண்ணாக மாற்றும்படி நிரலைத் திருத்திவிட்டோம். நீங்கள் பதிந்த தொகையைக் கருவி எப்படிப் புரிந்துகொண்டது என்பதும் பெட்டியின் கீழே தெரியும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குச் செல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

1. தங்கத்தைக் கிராமில் பதிய வேண்டும். ஒரு பவுன் 8 கிராம். 12 பவுன் உள்ளவர் 96 என்று பதிய வேண்டும். 12 என்று பதிந்தால் கணக்கு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

2. தங்கம், வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறுவதால் அதை நிரலில் வைக்கவில்லை. அன்றைய விலையை நீங்களே பதிய வேண்டும்.

3. தங்கத்தின் நிஸாப் 87.48 கிராம், வெள்ளியின் நிஸாப் 612.36 கிராம் என்ற அளவை வைத்துள்ளோம். நிஸாபை அடைந்து ஒரு ஹிஜ்ரி ஆண்டு நிறைந்த செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம் கொடுக்க வேண்டும்.

4. ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஆகவே உங்கள் ஜகாத் தேதியைப் பிறைக் கணக்கிலேயே குறித்து வையுங்கள்.

பெண்கள் அணியும் நகைக்கு ஹனஃபி மத்ஹபில் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் வழக்கமான அளவில் அணியும் நகைக்கு இல்லை. நம் ஊரில் இரு மத்ஹபினரும் இருப்பதால் இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் உள்ளது. கடனைக் கழிப்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. கருவி கூட்டும், பெருக்கும், ஃபத்வா கொடுக்காது. சந்தேகம் உள்ளவர்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எங்கள் சொத்து விவரம் டிரஸ்டுக்குத் தெரிந்துவிடுமோ?" என்று சில சகோதரிகள் கேட்டார்கள். தெரியாது. கணக்கு முழுவதும் உங்கள் போனுக்குள்ளேயே நடக்கிறது. எந்தத் தொகையும் எங்களுக்கு வருவதில்லை. அதனால்தான், பழைய கருவியால் யாருடைய கணக்கு தவறியது என்பதும் எங்களுக்குத் தெரியாது. வீடு தேடி வந்து சொல்ல வழியில்லை. இப்படி எல்லோரிடமும்தான் சொல்ல முடிகிறது.

ஆகவே எங்கள் வேண்டுகோள்: சென்ற ரமலானில் கருவியைப் பயன்படுத்தியவர்கள், அன்றைய இருப்பையும் அன்றைய விலையையும் வைத்து மீண்டும் ஒருமுறை கணக்கிடுங்கள். குறைந்திருந்தால் மீதியைக் கொடுத்துவிடுங்கள். நம்மிடமே கொடுக்க வேண்டும் என்பதில்லை. உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். ஆண்டு கடந்துவிட்டதால் கடமை நீங்கிவிடாது. அது நம் பணமல்ல, ஏழைகளின் ஹக்.

போனில் பார்க்க இயலாத பெரியவர்களுக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து தாளிலேயே கணக்கிட்டுத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். எங்கள் பிழையை அல்லாஹ் மன்னிப்பானாக. நீங்களும் மன்னித்து துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.