குட்டைக் கட்லா முட்டையிடாதது ஏன்?

நெமிலிச்சேரி, திருநின்றவூர், பட்டாபிராம் வட்டாரத்தில் குட்டையில் மீன் வளர்ப்போருக்கு ஓர் ஐயம் எழக்கூடும். கட்லா, ரோகு, மிர்கால் நன்கு வளர்கின்றன. பெண் மீனின் வயிற்றில் சினையும் நிறைகிறது. ஆனால் குஞ்சு கிடைப்பதில்லை. காரணம் என்ன?

சுரப்பியின் வேலை

மீனின் மூளைக்கு அடியில், மண்டை எலும்பின் சிறு குழியில் பிட்யூட்டரி சுரப்பி உள்ளது. கம்பு மணியளவே இருக்கும். இதை மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், நடுப்பகுதிச் செல்களில் பொடிப்பொடியான துகள்கள் தெரியும். இனப்பெருக்கத்தைத் தூண்டும் ஹார்மோனின் சேமிப்பே இவை. ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது மூளை உத்தரவிட, ஹார்மோன் இரத்தத்தில் கலந்து மீன் முட்டையிடும். பிறகு பார்த்தால் அச்செல்களில் துகள்கள் குறைந்திருக்கும். தேங்கிய குட்டையில் அந்த உத்தரவு பிறப்பதில்லை. களஞ்சியத்தில் நெல் இருந்தும் கதவு திறக்காத நிலை இது. சினை வயிற்றிலேயே கரைந்துவிடும்.

ஊசி மூலம் முட்டை

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில், டாக்டர் ஹீராலால் சௌத்ரியும் டாக்டர் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி நம் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். அந்நாளே தேசிய மீன் விவசாயிகள் தினம். கடல் கெளுத்தியின் சுரப்பியும் நன்னீர்க் கெண்டைக்குப் பயன்பட்டுள்ளது. இன்று சுரப்பி தேடி அலைய வேண்டியதில்லை. ஓவாப்ரிம் போன்ற தயார் மருந்துகள் மீனின் சொந்தச் சுரப்பியையே தூண்டிவிடுகின்றன. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இல் கொடுவா மீனையும் ஹார்மோன் மூலம் இனப்பெருக்கம் செய்வித்தது.

கவனிக்க வேண்டியவை

* குட்டையில் குஞ்சு பொரிக்கும் என்று காத்திருந்து பருவத்தை இழக்க வேண்டாம். ஆண்டுதோறும் குஞ்சு வாங்கி இருப்புச் செய்யவும். சாதாக் கெண்டை மட்டும் விலக்கு. அது நீர்ச்செடிகளில் தானே முட்டையிடும்.

* ஆற்றில் பிடித்த கலப்புக் குஞ்சுகளில் வாளை, விரால் போன்ற ஊனுண்ணி மீன்கள் கலந்திருக்கும். இவை மற்றக் குஞ்சுகளைத் தின்றுவிடும். ஊசி முறையில் பொரித்த, ஒரே இனக் குஞ்சுகளையே வாங்கவும்.

* ஒரே குடும்பத் தாய் மீன்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் குஞ்சுகளின் வளர்ச்சி குன்றும். தாய் மீன்களை அவ்வப்போது மாற்றுகிறார்களா என்று பண்ணையில் கேட்டறியவும்.

* குஞ்சுப் பையைக் குட்டை நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகக் குட்டை நீரைச் சேர்த்தபின் திறந்துவிடவும்.

* பயிற்சியின்றித் தாமே ஊசி போட முயல வேண்டாம். அளவு தவறினால் தாய் மீனும் போகும், சினையும் போகும்.