பிரீமியத்துக்கு மேலே ஒரு 59 ரூபாய்

சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். விலையையும் அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1இல் அமலுக்கு வந்த அட்டவணைப்படி, 1,000 சிசிக்கு மேற்படாத காருக்கு ஆண்டுக்கு ரூ.2,094, 1,500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. நூறு சிசி பைக்குக்கு ரூ.714. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. இந்த அடிப்படைப் பிரீமியத்தை எந்த நிறுவனமும் தன் விருப்பத்துக்கு ஏற்ற முடியாது.

‘ஆன்லைன் சார்ஜ்’ மட்டும் இந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. ஆர்டிஓ அலுவலகத்துக்கு எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர், “ஆன்லைன் சார்ஜ் தனிங்க அண்ணே” என்பார். செல்போனில் நாமே புதுப்பித்தால், விவரமெல்லாம் நிரப்பிய பிறகு, பணம் கட்டும் கடைசித் திரையில் பொடி எழுத்தில் ஒரு வரி முளைக்கும். பாலிசி இன்று நள்ளிரவோடு முடிகிறது, இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவையே ரூ.2,000 அபராதம். அந்த நேரத்தில் யார் கணக்குக் கேட்பார்கள்?

நாம் கேட்போம். கட்டணம் ரூ.50 என்று வைத்துக்கொள்வோம், ஜிஎஸ்டி ரூ.9 சேர்ந்து ரூ.59. பெரிய காரின் ரூ.7,897 பிரீமியத்தில் இது 0.75 சதவீதம். ரூ.3,416இல் 1.7. சின்னக் காரின் ரூ.2,094இல் 2.8. பைக்காரரின் ரூ.714இலோ 8.3 சதவீதம்! வண்டி சிறுக்கச் சிறுக்கச் சுமை கூடுகிறது. எல்லாருக்கும் ஒரே தொகை என்பது நியாயம்போலத் தெரியும், நியாயம் இல்லை. இப்படி ஒரு கோடிப் பேர் கட்டினால், வரி நீங்கலாகவே ரூ.50 கோடி.

இதற்கு ஈடான செலவு என்ன? யுபிஐ, ரூபே டெபிட் கார்டு இரண்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் வணிகர் கட்டணமே கிடையாது. மற்ற டெபிட் கார்டுகளில், பெரிய வணிகர்களுக்கு 0.9 சதவீதம் என்று 2017 டிசம்பரில் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்தது. அதை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்றும் சொன்னது. ரூ.3,416 பிரீமியம் ஜிஎஸ்டியோடு ரூ.4,030.88. அதில் 0.9 சதவீதம் ரூ.36.28, யுபிஐயில் பூஜ்யம். பாலிசியோ பிடிஎஃப் கோப்பாக வருகிறது. அச்சும் தபாலும் மிச்சமான பிறகும் கை நீட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

விலையைத் துளித்துளியாகக் கடைசியில் ஏற்றுவதை 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன. இருந்தும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இந்தக் கட்டணத்துக்கென்றே ஒரு வரம்பு வைக்க வேண்டும். யுபிஐக்கு எந்தக் கட்டணமும் கூடாது. செலவுள்ள மற்ற வழிகளில், கட்டணத்தை முதல் திரையிலேயே காட்ட வேண்டும், அது மொத்தத் தொகையில் 0.9 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பைக்காரருக்கு அது ரூ.7.58.