கடலைத் தள்ளிய தாமிரபரணி

கொற்கைக்குப் போனால் கடலைத் தேட வேண்டாம். பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று பள்ளியில் படித்த ஊரைச் சுற்றி இன்று வயலும் வாழையும் குளமும்தான். அலையைப் பார்க்க கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும். கடலை இத்தனை தூரம் தள்ளிவைத்தது தாமிரபரணி.

பொதிகையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் சேரும்வரை இதன் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். பிறப்பதும் கடலில் கலப்பதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே என்பதால் தண்ணீருக்கு இன்னொரு மாநிலத்தைக் கேட்க வேண்டியதில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பொதிகையை நனைக்கின்றன. பெய்ததை மலைச் சோலைகள் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுகின்றன. வற்றாத ஆறு என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பாணதீர்த்தத்தில் பாறையிலிருந்து குதிக்கும் ஆறு பாபநாசம் தாண்டியதும் ஆளே மாறிவிடுகிறது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஊருக்கு ஊர் படித்துறை. கரையில் மருத மரங்கள். வாய்க்கால் போகும் இடமெல்லாம் நெல். நெல்லையில் குறுக்குத்துறை முருகன் ஆற்றுக்குள்ளேயே குடியிருக்கிறார். வெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். இந்த ஆற்றின் அழகைப் பார்க்க அருவிக்கே போக வேண்டும் என்பதில்லை. சாயங்கால வெயிலில் ஏதாவது ஒரு படித்துறையில் உட்கார்ந்தாலே போதும்.

ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். ஏழு பழையவை, கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. அதன் அருகே தென்கரையில் பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டிப் பார்த்தார். பிறகு அலெக்சாந்தர் ரீ பெரிய அளவில் அகழ்ந்து தாழிகளையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலப் பொருள்களையும் எடுத்தார். தாழிகள் புதைந்திருப்பது கல்லும் சரளையுமான பரம்பில். விளைகிற வண்டல் மண்ணை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

அந்த வண்டல்தான் துறைமுகங்களையும் இடம் மாற்றியது. மலையிலிருந்து அரித்துவந்த மண்ணை ஆறு முகத்துவாரத்தில் போட்டுக்கொண்டே இருக்க, நிலம் கிழக்கே வளர்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பயணக் குறிப்பில் கொற்கை முத்துக்குளிப்பு வருகிறது. தண்டனை பெற்ற கைதிகளைக் கடலில் இறக்கினார்களாம். கப்பல் வர வழியில்லாமல் போனதும் வணிகம் கடலோரமாக நகர்ந்து காயலுக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்தது அரபுக் குதிரைகள் வந்திறங்கிய அந்தக் காயலைத்தான். பிறகு அதுவும் தூர்ந்து பழையகாயல் ஆயிற்று. அடுத்த முறை புன்னைக்காயலுக்கு. போர்ச்சுக்கீசியர் காலத்தில் ஹென்றிக்கஸ் பாதிரியார் தங்கித் தமிழ்ப் பணி செய்த ஊர் அது. ஆறு இன்று கடலில் கலப்பது அங்கேதான். இந்த இடமாற்றத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கி எழுதியவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்.

இன்று மேலே பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் மண்ணைத் தேக்கிக்கொள்கின்றன. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் படிந்த மண்ணைத் தூர்வாரும் விவகாரம் 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆனால் ஆறு தன் பழைய நிலத்தை விட்டுக்கொடுத்துவிடவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது ஏரல் பாலம் சேதமடைந்தது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். வெள்ளம் பரவிய ஏரல், ஆத்தூர் பக்கமெல்லாம் இதே ஆறு வண்டல் கொட்டி வளர்த்த பூமி.