தைராய்டுச் சோதனை முடிவுகளைப் படிக்கும் முறை

முன்கழுத்துக் கழலை கண்ணுக்குப் புலனாகும் நோய்; அதனைத் தடுக்க 1962-இல் நம் நாட்டில் தேசியத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆயின், கழுத்தில் வீக்கம் இன்றியும் தைராய்டுச் சுரப்பியின் வேலை குன்றக்கூடும். ஓயாத சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் ஆகியன அதன் குறிகள்.

இதனை அறிய இரத்தத்தில் இரு பொருள்கள் அளக்கப்படுகின்றன. ஒன்று, தைராய்டு சுரக்கும் தைராக்ஸின். மற்றது, அதனைச் சுரக்குமாறு தூண்டப் பிட்யூட்டரிச் சுரப்பி விடுக்கும் டி.எஸ்.எச். முன்னது குறையின் பின்னது உயரும். ஆகவே, டி.எஸ்.எச். உயர்ந்தும் தைராக்ஸின் தாழ்ந்தும் இருப்பின், தைராய்டின் குறைவு தெளிவாகும். டி.எஸ்.எச். மட்டும் சற்று உயர்ந்திருப்பின், 2 அல்லது 3 மாதங்கள் கழித்து மீண்டும் சோதிப்பது முறை. பலருக்கு அது தானே சீரடைகிறது. கருவுற்ற பெண்டிர் மட்டும் காத்திராது உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும். டி.எஸ்.எச். உயராமலே தைராக்ஸின் தாழ்ந்திருப்பின், பிட்யூட்டரியையும் ஆராய்தல் வேண்டும்.

இரண்டும் சரியாக இருப்பின், நோயாளியின் சோர்வு பொய் என்பது பொருளன்று. காரணம் வேறிடத்தில் உள்ளது என்பதே பொருள். இரத்தசோகை நம் நாட்டில் மிகப் பரவலாதலின், அதனை முதலில் சோதித்தல் நன்று. வளர்ச்சி குன்றிப் பாடத்திலும் பின்தங்கும் மாணவனைச் சோம்பேறி எனக் கடியுமுன், மருத்துவரிடம் அனுப்புதல் ஆசிரியர் கடமையாகும்.