டெட்ராய்ட் சரக்கு

நம் சென்னைப் பட்டணத்தை "ஆசியாவின் டெட்ராய்ட்" என்று சிலர் புகழ்ந்துரைப்பதை நேயர்கள் கேட்டிருப்பார்கள். மோட்டார்த் தொழிற்சாலைகள் மிகுந்திருப்பதால் கிடைத்த பட்டம் அது. பட்டத்தைச் சந்தோஷமாகச் சூட்டிக்கொள்ளுகிறவர்கள், அசல் டெட்ராய்ட் நகரத்தார் தங்கள் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு 2011-ம் வருஷத்தில் நடத்திய வாதப் பிரதிவாதங்களையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அத்தனைக்கும் காரணம், இரண்டே நிமிஷம் ஓடிய ஒரு கார் விளம்பரந்தான்.

அமெரிக்கர்களுடைய கால்பந்து ஆட்டத்தில் வருஷத்துக்கொரு முறை நடைபெறும் பெரும் பந்தயத்துக்கு "சூப்பர் பௌல்" என்று பெயர். 2011 பிப்ரவரி 6-ந் தேதி அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 11 கோடிப் பேர். ஆட்டத்தின் இடையே அரை நிமிஷ விளம்பரம் போடுவதற்கே பெரிய கம்பெனிகள் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ளும். கிரைஸ்லர் கம்பெனியோ முழுசாக இரண்டு நிமிஷத்தை எடுத்துக்கொண்டது. செலவு சுமார் 90 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின.

படத்தில் மலைப் பாதையும் இல்லை. மந்தகாசம் புரியும் யுவதியும் இல்லை. புகை கக்கும் ஆலைகள், பனிக்காலத்துச் சாம்பல் நிற வானம், பாழடைந்த கட்டிடங்கள். இப்படிச் சீர்குலைந்து கிடக்கும் ஊருக்குச் சொகுசைப்பற்றி என்ன தெரியும் என்று ஒரு குரல் கேட்டு, தானே அதற்குப் பதிலும் சொல்லுகிறது. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் ஞாபகார்த்தமாக நிறுவிய 24 அடி நீள வெண்கலக் கை முஷ்டி மடக்கித் தொங்குகிறது. மெக்ஸிகோ தேசத்துச் சித்திரக்காரர் டியகோ ரிவேரா 1932-33-ல் நகரக் கலைக்கூடத்தின் சுவர்களில் தீட்டிய தொழிலாளிகள் தோன்றுகிறார்கள். கடைசியில், அவ்வூரில் வளர்ந்த பாடகர் எமினெம் ஒரு கறுப்புக் காரிலிருந்து இறங்கிப் பழைய பாக்ஸ் தியேட்டருக்குள் நுழைகிறார். மேடையில் கோஷ்டி கானம். அவர் திரும்பி, விரலை நீட்டி இரண்டொரு வார்த்தை பேசியதும், "டெட்ராய்ட்டிலிருந்து இறக்குமதி" என்ற எழுத்துக்கள் எழுகின்றன.

இந்த "இறக்குமதி" என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. சீமைச் சரக்கென்றால் உசத்தி என்ற எண்ணம் அமெரிக்காவிலும் உண்டு; பணக்காரர்கள் ஜெர்மன் கார்களையும் ஜப்பான் கார்களையும் தேடிப் போவார்கள். அவர்களைப் பார்த்து, "எங்கள் ஊரே உங்களுக்கொரு சீமை என்று வைத்துக்கொள்ளுங்களேன்!" என்கிறது விளம்பரம்.

ஊரார் கண் கலங்கினார்கள் என்றால் அதற்குத் தக்க காரணம் இருந்தது. 1950-ல் பதினெட்டரை லட்சம் ஜனங்கள் வாழ்ந்த பட்டணம் அது. விளம்பரம் வந்து ஆறேழு வாரத்தில் வெளியான ஜனத்தொகைக் கணக்கின்படி எஞ்சியிருந்தவர்கள் 7,13,777 பேர். கிரைஸ்லர், ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய இரண்டு பெரிய கம்பெனிகளும் 2009-ல் திவாலாகிச் சர்க்கார் பணத்தால் பிழைத்தன. இடிந்த வீடுகளைப் படம் பிடிப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் காமிராவுடன் வந்து போனார்கள். வந்தவர்களெல்லாம் பிணத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போன ஊரை, ஒருவன் உயிருள்ள ஊராகக் காட்டினால் யாருக்குத்தான் நெஞ்சு நெகிழாது?

நெஞ்சு நெகிழ்ந்தவர்களிலேயே சிலர் மறுநாள் பூகோளப் படத்தை எடுத்து விரித்தார்கள். (பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களாகிய நமக்கு இது மிகவும் பிடித்த காரியம்.) விளம்பரம் செய்த "கிரைஸ்லர் 200" கார் டெட்ராய்ட்டில் உற்பத்தியாவதல்ல, வடக்கே சுமார் 20 மைல் தூரத்திலுள்ள ஸ்டெர்லிங் ஹைட்ஸ் என்ற தனி நகரில் உற்பத்தியாவது. கம்பெனியின் தலைமைக் காரியாலயமோ ஆபர்ன் ஹில்ஸ் என்ற வேறொரு புறநகரில். 2009-லிருந்து நிர்வாகம் இத்தாலி தேசத்துப் பியட் கம்பெனியார் கையில். விளம்பரத்தைத் தயாரித்தவர்கள் மேற்குக் கோடியிலுள்ள போர்ட்லண்ட் நகரத்தார்!

இருபது மைலில் என்ன வந்துவிட்டது என்று நாம் கேட்கலாம். அங்கே அப்படிக் கேட்க முடியாது. நகரத்தின் வடக்கு எல்லை "எட்டாம் மைல் சாலை". அதற்குத் தெற்கே அக்காலத்தில் வாழ்ந்தவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் கறுப்பு இனத்தார். வடக்கே பெரும்பாலும் வெள்ளையர். ஆலைகளும் பணமும் பல வருஷங்களாக அந்தச் சாலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. சாலைக்கு வடக்கே சம்பளமும் தெற்கே பெயரும் என்றால், தெற்கே இருப்பவன் கேள்வி கேட்கத்தானே செய்வான்? இத்தனைக்கும் டெட்ராய்ட் நகர எல்லைக்குள்ளேயே கிரைஸ்லருக்கு ஜெபர்சன் நார்த் என்ற தொழிற்சாலை இருந்தது. ஜீப் வண்டிகள் அங்கே உற்பத்தியாயின. அதை விளம்பரம் செய்திருந்தால் வாயை அடைத்திருக்கலாம்! ரிவேராவின் சித்திரங்களில் இருப்பதுங்கூடப் போட்டிக் கம்பெனியான போர்டுடைய ரூஜ் தொழிற்சாலை. பணம் கொடுத்தவர் எட்ஸெல் போர்டு. ஊருக்குப் பொதுச் சொத்து என்று எடுத்துக் காட்டினார்கள் போலும்.

நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்த விளம்பரம் ஊரைப்பற்றி நிஜம் சொல்லிற்று. காரைப்பற்றித்தான் கொஞ்சம் கதை அளந்தது. ஆகையால் பரவசப்பட்ட ஜனங்களை ஏமாளிகள் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அடுத்து நடந்ததைத்தான் ரஸிக்க முடியவில்லை. உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் அந்த வாசகத்தைச் சட்டைகளில் அச்சிட்டு விற்றார். கிரைஸ்லர் கம்பெனி, வாசகம் தன்னுடையதென்று அவர்மீது வழக்குத் தொடர்ந்தது. டெட்ராய்ட் என்ற பெயரை இரவல் வாங்கிய கம்பெனி, டெட்ராய்ட்டிலேயே கடை வைத்திருப்பவரைப் பார்த்து அதைத் தொடாதே என்றது! அதே வருஷம் நீதிபதி தாற்காலிகத் தடையுத்தரவு கொடுக்க மறுத்துவிட்டார். பிறகு இரு தரப்பாரும் சமாதானமாகப் போனார்கள்.

2013 ஜூலையில் நகரமே திவாலாயிற்று. கடன் சுமார் 1,800 கோடி டாலர். ரிவேராவின் சுவர்கள் இருக்கும் கலைக்கூடத்துச் செல்வங்களை விற்றுக் கடனை அடைக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. தர்ம ஸ்தாபனங்களும் மாகாணச் சர்க்காரும் சேர்ந்து பணம் திரட்டி அதைத் தடுத்தன. நகரத்தின் ஓய்வூதியக்காரர்களும் தங்கள் வருமானத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். அந்த நிதிக்கு 2014-ல் போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தலைக்கு ஒரு கோடி டாலர் கொடுக்க முன்வந்தன. கிரைஸ்லர் கொடுக்க முன்வந்தது 60 லட்சம்.

"கிரைஸ்லர் 200" காரின் உற்பத்தி 2016 டிசம்பரில் நின்றது. உள்ளூர்க் கடைக்காரருக்கு மட்டும் ஊர்ப் பெயர் போட்ட சட்டைகள் அதற்கப்புறமும் விற்றுக்கொண்டுதான் இருந்தன.