நோயுற்ற கோழியை அவசரமாக அறுக்காதீர்கள்



வளர்க்கும் கோழி இரை எடுக்காமல் தூங்கி விழுந்தால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "செத்துப் போறதுக்குள்ள அறுத்திடுங்க" என்பதுதான். தானாகச் செத்தது ஹராம். உயிர் இருக்கும்போதே அறுத்தால் வீணாகாது என்ற எண்ணம். என் தாயாரும் அப்படித்தான் செய்வார்கள். இறைச்சி ஆகுமா என்பதல்ல இங்கே கேள்வி. அறுப்பவருக்கும் இறகு பறிப்பவருக்கும் வரும் ஆபத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி, நோயுற்ற கோழியின் சளியிலும் எச்சத்திலும் இரத்தத்திலும் இருக்கும். இறகு பறிக்கும்போதும் குடலைக் கழுவும்போதும் கண், மூக்கு, வாய் வழியாக உள்ளே போகும். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது எளிதில் பரவுவதில்லை. ஆனால் நுரையீரலின் அடி ஆழத்தில் பற்றுவதால், தொற்றியவருக்கு நிமோனியா முற்றி மூச்சு முட்டிவிடுகிறது.

எகிப்தில் மொட்டை மாடியிலும் முற்றத்திலும் கோழி, வாத்து வளர்த்து வீட்டிலேயே அறுப்பது வழக்கம். 2006 முதல் அங்கே 359 பேருக்கு இந்நோய் கண்டது. 120 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். இந்தோனேசியாவிலோ 200 பேரில் 168 பேர் மவுத்தானார்கள். இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம், இந்தோனேசியாவில் பலருக்கு மருந்து தாமதமாகவே கிடைத்தது. ஒசெல்டமிவிர் மருந்தைக் காய்ச்சல் கண்ட 2 நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். நம் நாட்டிலும் 2021 ஜூலையில் ஹரியானா சிறுவன் ஒருவன் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இந்நோயால் இறந்தான்.

கோழி சுணங்குவதெல்லாம் பறவைக் காய்ச்சல் அல்ல. வெள்ளைக் கழிச்சலாகவும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய நம்மால் முடியாது. எனவே அறுக்காமல் தனியே அடைத்து, பிள்ளைகளை அண்டவிடாமல், அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். குளத்திலோ குப்பையிலோ வீசாதீர்கள்.

அதன்பின் பத்து நாட்களுக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் வந்தால், "செத்த கோழியைத் தொட்டோம்" என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கறிக்கடைப் பக்கமே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. 70 டிகிரிக்கு மேல் முழுதும் வெந்த கறியில் இக்கிருமி இருக்காது. அரை வேக்காட்டு முட்டையை மட்டும் நோய் பரவும் காலத்தில் தவிர்த்துக்கொள்ளுங்கள்.